மேற்கு ஜன்னலுக்கு என்ன திரை போடலாம்?

கேள்வி: 2024 ஏப்ரல் 7, காலை

சென்னையில் அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடி. வரவேற்பறையில் நாலுக்கு நாலடி அளவில் இரண்டு ஜன்னல்கள், இரண்டும் மேற்கே பார்த்தவை. மூன்று மணிக்கு மேல் சோபாவில் உட்கார முடியவில்லை. கடைக்காரர் மடிப்புக்குள் காற்று அறைகள் உள்ள தேன்கூட்டுத் திரை போடச் சொல்கிறார். ஏசி மின்சாரம் பாதியாகக் குறையும் என்று அடித்துச் சொல்கிறார். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. சுருட்டி ஏற்றும் ரோலர் பிளைண்ட், கிடைப்பட்டைகள் கோத்த வெனிஷியன் பிளைண்ட் எல்லாம் அதில் பாதி விலைகூட இல்லை. எதைப் போட்டால் வெயிலும் குறையும், மின்சாரமும் மிச்சமாகும்?

பதில்: ஏப்ரல் 7, மாலை

எந்தத் திரை என்பதை அப்புறம் பார்க்கலாம். ஜன்னலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாழ்நாள் முழுக்கக் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

கணக்கைப் போட்டுவிடுவோம். நாலுக்கு நாலு என்றால் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். ஏப்ரல் பிற்பகலில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் வெயில் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். ஆக ஒரு ஜன்னலுக்கு 750 வாட். வீட்டில் இருக்கும் சாதாரண இஸ்திரிப் பெட்டியும் 750 வாட்தான். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை மூன்று மணிக்குப் போட்டு ஆறு மணிக்கு அணைக்கிறீர்கள், அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு. ஒரு டன் ஏசி நிமிர்ந்து நின்று வேலை செய்தால் 3,500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் உங்கள் இரண்டு ஜன்னல்களே தின்றுவிடுகின்றன.

இனி திரைக்கு வருவோம். கண்ணாடி வழியாக வந்த வெயில், உள்ளே தொங்கும் துணியில் பட்டுத் துணியைச் சூடாக்குகிறது. சூடான துணி வெப்பக் கதிரை வீசும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், இந்த வெப்பக் கதிரை வெளியே விடாது. உள்ளே வந்தது உள்ளேதான். எனவே உட்புறத் திரை செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்றே ஒன்று: வெயில் சூடாக மாறும் முன்னரே அதை வெளிச்சமாகத் திருப்பி அனுப்புவது. வெள்ளை நிறம் அதைச் செய்யும், பழுப்பு நிறம் செய்யாது. வெளியே தொங்கும் தட்டிக்கு இந்தக் கவலை கிடையாது. அது சூடானால் அந்தச் சூட்டைத் தெரு வாங்கிக்கொள்ளும்.

ஏப்ரல் 8

கடைக்காரர் சொன்ன "பாதி" என்னைத் தூங்கவிடவில்லை.

நடுத்தரமான ஏசி, ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 750 வாட் வெயிலைத் துரத்த 250 வாட் மின்சாரம் போதும். மூன்று மணி நேரத்துக்கு முக்கால் யூனிட். இரண்டு மாத ரசீதுக்கு ஒரு ஜன்னலால் 45 யூனிட். அதுவும் திரை வெயிலைச் சொட்டுக்கூட விடாமல் நிறுத்தினால்தான். தேன்கூட்டுத் திரையைச் சட்டத்தோடு ஒட்டி இறுக்கமாகப் பொருத்தினால் வெயில் வெப்பத்தை அறுபது சதவீதம் வரை குறைக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 45-இல் அறுபது சதவீதம் 27 யூனிட். அந்த 27 யூனிட்டின் பணத்தையும் திரையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். திரைக்குப் போட்ட பணம் மின்சார மிச்சத்தால் திரும்பி வருவதற்குள் துணியே நைந்துவிடும்.

திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. சோபாவில் உட்கார முடிகிறதா என்பதற்காகத் திரை போடுங்கள். மின் கட்டணத்துக்காகப் போடுவதென்றால் மலிவானதைப் போடுங்கள்.

ஏப்ரல் 8, இரவு

தேன்கூடு ஏன் அவ்வளவு விலை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மடிப்புகளுக்குள் காற்று அறைகள் இருக்கின்றன. அறைக்குள் இருக்கும் கதகதப்பு கண்ணாடி வழியே ஓடிவிடாமல் அந்தக் காற்று தடுக்கும். 1980களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த பொருள். மினியாபொலிஸ் என்ற அமெரிக்கக் குளிர்நகரில் ஜனவரியில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது, உள்ளே இருபது. நாற்பது பாகை வித்தியாசம். அங்கே அது தங்கம்.

நமக்கு? ஏசி 24, வெளியே 38. வித்தியாசம் 14 பாகை. ஒற்றைக் கண்ணாடி வழியாக இந்த வித்தியாசத்தால் மட்டும் கடந்து வரும் வெப்பம் உங்கள் ஜன்னல் அளவுக்கு 120 வாட். வெயிலால் வருவது 750. எந்தத் திருடனைப் பிடிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏப்ரல் 10

"எங்கள் வீட்டில் கனமான மரூன் ஸ்க்ரீன், இழுத்துவிட்டால் அறை கும்மிருட்டு, குளுகுளு" என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். இருட்டு, சரி. குளுகுளு இருட்டினால் வந்த பிரமை. நாலரை மணிக்கு அந்த ஸ்க்ரீனைக் கையால் தொட்டுப் பாருங்கள் அம்மா. பிறகு துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே, மேலே, கம்பிக்குப் பக்கத்தில் கையை நீட்டுங்கள். அங்கிருந்து வெந்த காற்று எழும்பிக் கூரையோடு பரவிக்கொண்டிருக்கும். மின்விசிறி அதை அப்படியே உங்கள் தலையில் இறக்கும்.

ஸ்க்ரீனை மாற்ற வேண்டாம். பின்பக்கத்தில் வெள்ளைத் துணி வைத்துத் தைத்துவிடுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பூச்சுள்ள பின்துணியோடு கூடிய நடுத்தர நிறத் திரை வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் என்று அதே அமெரிக்கத் துறை சொல்கிறது. மரூன் உங்களுக்கு, வெள்ளை சூரியனுக்கு. மேலே கம்பியை மறைக்கும் பெல்மெட் பெட்டி அடித்து மூடினால் அந்த வெந்த காற்றும் அடங்கும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி ஆயிற்று. யாரும் வாழ்த்து போட்டு இந்தக் கேள்வி-பதில் இழையை நிரப்ப வேண்டாம்.

நிழல்வலை பற்றிக் கேட்டவருக்கு: நாற்றங்கால்களில் போடும் பச்சை வலைதான், 50, 75, 90 சதவீதம் என்று நிழலின் அளவைச் சொல்லி விற்பார்கள். ஜன்னலுக்கு வெளியே 75 போதும், காற்றும் வரும். வீடு நர்சரி மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். பள்ளிக்கூட வாசலில் வரிசைக்காகச் சாமியானா கட்டியிருந்தார்கள். சிவப்பும் நீலமுமாக மெல்லிய துணி, தாழ்வாகக் கட்டியது. அதன் கீழே நின்றவர்கள் எல்லோரும் விசிறிக்கொண்டே நின்றோம். அதே வளாகத்தில் சைக்கிள் நிறுத்தத்துக்குத் தென்னங்கீற்றுக் கொட்டகை. முதியவர்கள் நாலைந்து பேர் வரிசையை விட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, தங்கள் முறை வரும்போது கூப்பிடச் சொன்னார்கள். நிழல் இரண்டிலும்தான் இருக்கிறது. ஆனால் மெல்லிய துணி தானும் காய்ந்து கீழே வீசும். கீற்று அடுக்கு அடுக்காக இருப்பதால் மேலடுக்கு காய்வது கீழடுக்குக்கு வந்து சேருவதில்லை, இடையில் காற்று ஓடுகிறது.

ஏப்ரல் 25

இந்த வாரம் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன். நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. மறுபடி ஆகஸ்ட் 18 வாக்கில் இப்படி வரும். இதைச் சொல்லக் காரணம், "எங்கள் ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு இருக்கிறதே, அப்புறம் ஏன் திரை?" என்று வந்த கேள்வி.

நண்பகல் வெயிலுக்கு சன்ஷேடு சரியான ஆயுதம். மேற்கு வெயிலுக்குக் குடையைத் தலைக்கு மேல் பிடித்து என்ன பயன்? இன்று மாலை நாலு மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து 33 பாகை உயரத்தில் நிற்கும். இரண்டடி சன்ஷேடின் நிழல் ஜன்னலில் ஒன்றேகால் அடி சொச்சம் இறங்கும். மீதி இரண்டே முக்கால் அடி வெயிலில். ஐந்து மணிக்குச் சூரியன் 19 பாகைக்கு இறங்கிவிடும், நிழல் முக்கால் அடிகூட வராது. படுத்த பலகையால் மேற்கு வெயிலை நிறுத்த முடியாது. செங்குத்தாக ஒன்று தொங்க வேண்டும்.

வடக்கு ஜன்னல்காரர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். இன்றிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. உச்சிப்பொழுதில் அது தொந்தரவு இல்லை, ஏறத்தாழ தலைக்கு மேலேதான். ஆனால் ஜூன் மாதம் சூரியன் மறையும் இடம் நேர் மேற்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளிப் போய்விடும். மாலையில் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் வரும். "வடக்கு பார்த்த வீடு, வெயிலே வராது" என்று சொல்லி விற்பவர்கள் டிசம்பரில் வீட்டைக் காட்டுவார்கள்.

மே 5

நேற்று கத்திரி தொடங்கியது. இந்த இழையில் மூங்கில் தட்டி பற்றி நான் இன்னும் விவரமாக எழுதவில்லை என்று இரண்டு பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள். இதோ.

எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டிதான். சாலையோரத்தில் உட்கார்ந்து முடைபவரிடம் அளவு கொடுத்துச் செய்தது. கடையில் சுருட்டி நிறுத்தி வைத்திருப்பதை வாங்கினால் அகலம் ஒத்துவராது. அவர் மூங்கிலைப் பிளந்து, உள்பக்கத்து வெள்ளைச் சோற்றைச் சீவி எறிந்துவிட்டு, பச்சைத் தோல் பக்கத்தை மட்டும் விரல் அகலப் பட்டையாக எடுக்கிறார். அந்தத் தோல்தான் மழையைத் தாங்கும். சோறும் சேர்ந்த பட்டை விலை குறைவு, ஆனால் வண்டு துளைக்கும். தரையில் மாவு மாதிரிப் பொடி கொட்டினால் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டைகளுக்கு நடுவே ஒரு நூல் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். நெருக்கமாக முடைந்தால் காற்று வராது.

ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பதால் தட்டியைச் சட்டத்தில் மாட்ட வழியில்லை. சன்ஷேடின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். கதவு பாதி திறந்து நிற்கும், தட்டிக்கும் சுவருக்கும் நடுவே சூடான காற்று மேலேறிப் போகவும் இடம். கிரில் உள்பக்கம் இருப்பதால் கயிறு கம்பிகளுக்கு நடுவே வந்து உள்ளே ஒரு கொக்கியில் கட்டப்படுகிறது. மூன்று மணிக்கு எழுந்து கயிற்றை அவிழ்ப்பதோடு வேலை முடிந்தது.

பூச்சுக்கு வார்னிஷ் அடித்தால் ஒரு கோடைக்குப் பின் உரியும். முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவலாம், படகுகளுக்குத் தடவுவார்களே அதுதான். கையுறை போடாமல் தொடாதீர்கள், கொப்புளம் கிளம்பும். காயும் வரை நெடி இருக்கும். என் மனைவி அந்த நாட்களில் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மே 6

நேற்று எழுதியதற்கு ஒரு மறுப்பு: "தட்டியை இறக்கினால் வீடு இருட்டாகிவிடும், விளக்கு போட வேண்டும், மிச்சம் எங்கே?" இருபது வாட் எல்ஈடி குழல்விளக்கு எங்கே, 750 வாட் எங்கே? குண்டு பல்பு காலத்து வாதம் இது. ஆனால் நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். காலையில் சுருட்டி, பிற்பகலில் இறக்கி, ஆறு மணிக்குச் சுருட்டினால் இரண்டும் கிடைக்கும்.

அங்கேதான் சிக்கல். வீட்டுத் திரைகளில் நான்கில் மூன்று தினமும் ஒரே நிலையில்தான் கிடக்கின்றன என்று அமெரிக்கத் துறை சொல்கிறது. நம் வீடுகளிலும் அப்படித்தான் என்று பந்தயமே கட்டுவேன். ஆகவே வாங்கும்போது கடையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இழுக்கச் சிரமமாக இருந்தால் வாங்காதீர்கள். உலகத்திலேயே சிறந்த திரையானாலும் மூன்றாம் நாளிலிருந்து சும்மா தொங்கும்.

மே 13

வெட்டிவேர்த் தட்டி பற்றி மதுரை அன்பர் உருகி உருகி எழுதியிருக்கிறார். மதுரைக்குச் சரி. நனைத்த வேரின் வழியே வறண்ட காற்று வந்தால் நீர் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கும். வேலூர், கரூர், திருச்சி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சென்னையில் இரண்டு காற்று உண்டு. மே மாதம் நண்பகல் வரை உள்நாட்டிலிருந்து வரும் மேல்காற்று, உதடு வெடிக்கும் வறட்சி. அப்போது வெட்டிவேர் வேலை செய்யும். கடல்காற்று நுழைந்ததும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர் சொட்டிக்கொண்டு நிற்பதோடு சரி. வாசனை வரும். வாசனைக்காக மாட்டலாம் என்றால் நான் தடுக்கவில்லை.

கடல்காற்று என்றதும் இன்னொன்று. சென்னைக்காரர்களுக்கு அந்தக் காற்று கிழக்கிலிருந்து வருகிறது, வெயில் மேற்கிலிருந்து. கிழக்கு ஜன்னலில் மறுபக்கம் தெரியாத பிளாக்அவுட் ரோலரை இறக்கிவிட்டு மின்விசிறியைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிற்பகலில் கிழக்கைத் திற, மேற்கை மூடு. ஏசி போடாத வீட்டுக்கு இது எந்தத் திரையையும்விடப் பெரிய காரியம்.

மே 14

குடியிருப்போர் சங்கம் வெளியே தட்டி மாட்ட அனுமதிக்காது என்று ஐந்தாறு பேர். தெரியும். எங்கள் சங்கத்திலும் "கட்டடத்தின் வெளித்தோற்றம் கெடும்" என்று கடிதம் வந்தது. அதே கட்டடத்தின் வெளித்தோற்றத்தில் நாற்பது ஏசி இயந்திரங்கள் துரு வடித்துக்கொண்டு தொங்குகின்றன. அவற்றுக்குக் கடிதம் போகவில்லை. பொதுக்குழுவில் சண்டை போடாமல், எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே அகலம் என்று வரைந்து கொடுத்தேன். வரைபடத்தைப் பார்த்ததும் செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது, அவர் வீடும் மேற்குதான். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு பால்கனிப் பக்கமாவது மாட்டலாம்.

2018-இல் மத்திய அரசு வீடுகளுக்கென்று ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிழல் இருந்தால் கணக்கில் அதற்குச் சலுகை உண்டு. உள்ளே தொங்கும் ஸ்க்ரீனுக்குக் கிடையாது. விதி எழுதியவர்களுக்கு வெளியே எது உள்ளே எது என்று தெரிந்திருக்கிறது. பெரிய கண்ணாடிதான் பெருமை என்று மேற்கில் முழுச்சுவர் ஜன்னல் வைத்து விற்பவர்களுக்குத்தான் தெரியவில்லை.

மே 21

வெளியே எதுவும் முடியாது, உள்ளேதான் என்பவர்களுக்கு. சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை.

வெனிஷியன். அலுமினியப் பட்டை, வெள்ளை அல்லது வெள்ளி நிறம். நன்றாகப் பிரதிபலிக்கும் பட்டைகளை முழுக்க மூடி இறக்கினால் வெப்பத்தில் சுமார் 45 சதவீதம் குறையும் என்கிறார்கள். பட்டையைச் சாய்த்து வெளிச்சத்தைக் கூரைக்கு அனுப்பலாம், காற்றும் வரும். இவ்வளவு நல்ல குணத்துக்கும் சேர்த்துத் தண்டனை, தூசி. பேருந்துச் சாலையோரம் வீடு என்றால் வாரம் ஒருமுறை பட்டை பட்டையாகத் துடைக்க வேண்டும். பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஈரமாக்கி, இரண்டு விரல்களுக்கு நடுவே பட்டையை வைத்து இழுத்தால் இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் சுத்தம். கடற்கரையோரம் வாங்குபவர்கள் பட்டையைப் பார்க்காமல் மேல் பெட்டிக்குள் இருக்கும் உருளையையும் திருகாணிகளையும் பாருங்கள், உப்புக்காற்று முதலில் அவற்றைத்தான் தின்னும். மரப்பட்டை மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். மலிவான பிளாஸ்டிக் பட்டை இரண்டு கோடையில் மஞ்சளாகி நடுவில் தொய்ந்துவிடும்.

ரோலர். இதில் துளையுள்ள ஸ்க்ரீன் துணி என்று ஒரு வகை உண்டு. ஐந்து சதவீதம் என்றால் துணியின் பரப்பில் ஐந்து சதவீதம் துளை. பகலில் வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. இரவில் விளக்கு போட்டதும் அப்படியே தலைகீழ், தெருவே உங்களைப் பார்க்கும். மேற்குக்கு மூன்று சதவீதம் எடுங்கள். வெள்ளை, வெள்ளை என்று நான் ஓதிக்கொண்டிருக்கிறேன், அதற்கு ஒரு வரம்பு உண்டு. மெல்லிய வெள்ளை ஸ்க்ரீன் துணியில் நேர் வெயில் பட்டால் துணி முழுதும் ஒளிரும், தொலைக்காட்சி பார்க்க முடியாது. வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் சாம்பல் என்று இருநிறத் துணி கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஜீப்ரா, துணியும் வலையும் பட்டை பட்டையாக மாறி மாறி வருவது, அழகுக்கு. வெர்டிகல், செங்குத்துப் பட்டைகள், அலுவலகத்துக்கு, கீழே கோத்திருக்கும் மணிச் சங்கிலி அறுந்தால் மின்விசிறிக் காற்றில் ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும். ரோமன், மடிப்பு மடிப்பாக மேலேறும் துணி, தையற்காரர் நல்லவராக இருந்தால்.

அளவு எடுப்பது: மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் அகலம் எடுத்து, உள்ளே பொருத்துவதானால் சிறியதைக் கொடுங்கள். நம் கொத்தனார் கட்டிய ஜன்னலில் மூன்றும் ஒன்றாக இருந்தால் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போடுங்கள். சுவரில் பொருத்துவதானால் இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் கூட வையுங்கள். ஓரத்தில் கசியும் ஒரு கோடு வெயில் போதும், தலையணையில் வந்து உட்காரும்.

மே 22

அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டிக் கண்ணாடியில் வைப்பது பற்றி மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். தயங்க வேண்டாம். விலை குறைந்த உட்புறத் தடுப்புகளில் அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. மினுமினுப்பு வெளியே பார்க்க வேண்டும். நிறக் கண்ணாடியாக இருந்தால் மட்டும் ஒட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். ஏற்கெனவே வெயிலை உறிஞ்சும் கண்ணாடி இன்னும் காய்ந்து விரிசல் விடலாம். எதிர்வீட்டுக்காரர் கண் கூசுகிறது என்று வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஜூன் 9

பேரன் விடுமுறைக்கு வந்து போனான். தவழும் வயது தாண்டிய குழந்தைகள் வரும் வீட்டில் தொங்கும் கயிறு, மணிச் சங்கிலி எதுவும் கைக்கு எட்டக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும், சத்தமே வராது. அமெரிக்காவில் 2018 டிசம்பரிலிருந்து கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகள் கயிறில்லாமலோ கயிறு எட்டாதபடியோ இருக்க வேண்டும். பிரிட்டனில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் கீழே கயிறு வரக் கூடாது. நம் கடைகளில் ரோலருக்குக் கொடுக்கும் சங்கிலி தரையைத் தொடுகிறது. சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் பிடி பெட்டிக்குள்ளேயே இருக்கும். மாட்டுபவர் மாட்டாமல் போய்விடுவார். நின்று மாட்டச் சொல்லுங்கள். கட்டிலையோ தொட்டிலையோ ஜன்னலோரம் போடாதீர்கள்.

என் தட்டிக் கயிற்றையும் பேரன் வரும் முன்பே கிரிலின் மேல் கம்பிக்கு மாற்றிவிட்டேன்.

ஜூலை 17

மின் கட்டணம் 4.83 சதவீதம் ஏறிவிட்டது. உடனே "இப்போது தேன்கூடு கட்டுப்படியாகுமா?" என்கிறார் ஒருவர். ஆகாது ஐயா. ஏப்ரலில் கணக்குப் போட்ட அந்த 27 யூனிட் மிச்சத்தின் விலை 4.83 சதவீதம் கூடினால் ஒரு காபிக் காசு.

ஆனால் ஒரு கணக்கை அப்போது எழுதாமல் விட்டேன். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஆரம்பப் படிகளில் குறைந்த விலை, அதைத் தாண்டினால் அந்தச் சலுகைப் படி போய்விடும். உங்கள் ரசீது 510, 520 என்று வருகிறதென்றால் அந்தச் சில யூனிட்டுகளுக்கு அவற்றின் சொந்த விலையைவிட அதிக மதிப்பு. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தட்டி ஒரே கோடையில் விலையை மீட்டுக் கொடுத்துவிடலாம். ஏசியை ஒரு பாகை ஏற்றி வைத்தால் ஏறத்தாழ ஆறு சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. தட்டி போட்ட அறையில் 26 வைத்துப் பாருங்கள், 24-க்குச் சமமாகத் தோன்றும். உடம்பு காற்றின் சூட்டை மட்டும் அறிவதில்லை, எதிரே காயும் துணியையும் அறியும்.

ஆகஸ்ட் 18

மறுபடி உச்சிச் சூரியன். மேகம், நிழல் இல்லை என்று சொல்ல வெயிலே இல்லை.

மருமகன் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். நேற்று நல்ல வெயில் அடித்தபோது சுட்டுப் பார்த்தோம். தட்டி சுருட்டியிருந்த ஜன்னலில், பின்துணி வைக்காத பழைய பழுப்பு ஸ்க்ரீனின் அறைப்பக்கம் 46. தட்டி இறக்கிய பக்கத்து ஜன்னலில் அதே துணி 34. மருமகன் ஒன்றும் சொல்லாமல் வெப்பமானியை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் வீட்டு ஜன்னலின் அளவைச் சொல்ல ஆரம்பித்தான்.

செப்டம்பர் 22

தட்டிக்காரர்களின் புகார்ப் பெட்டி.

புறா: சுருட்டி வைத்த தட்டியின் மேல் மடிப்பில் கூடு கட்டும். முட்டை வைத்துவிட்டால் வீட்டுப் பெண்கள் தட்டியை இறக்க விடமாட்டார்கள், வெயில் அடித்தாலும் சரி. தினமும் இறக்கி ஏற்றினால் புறா வராது. இழுக்க எளிதானதை வாங்குங்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம்.

அணில்: தேங்காய் நார்க் கயிற்றை இழை இழையாகப் பிரித்துக் கூட்டுக்கு எடுத்துப் போகும். ஒரு நாள் காலையில் தட்டி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கயிறு இருந்த இடத்தில் ஒரு புரி மட்டும். பருத்திக் கயிறு மழையில் அழுகும். சாதாரண நைலான் வெயிலில் காய்ந்து நொறுங்கும். காசிமேட்டில் மீன்பிடிக் கயிறு விற்கும் கடையில் கேட்டு வாங்கியது இதுவரை தாங்குகிறது. உப்பிலும் வெயிலிலும் கிடப்பதற்கென்றே செய்தது.

எறும்பு பற்றிக் கேட்டவருக்கு: அது தட்டியால் இல்லை, ஜன்னல் திட்டில் நீங்கள் வைக்கும் காகத்துச் சோற்றால்.

டிசம்பர் 2

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. இங்கே காற்றைவிட மழைதான். முதல் நாளே தட்டியைக் கழற்றிப் பால்கனியில் நிறுத்திவிட்டோம். சுருட்டிக் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் 2016 டிசம்பர் 12-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வர்தா புயல் அன்று எங்கள் தெருவில் சுருட்டிக் கட்டிய தட்டி ஒன்று முனையில் அவிழ்ந்து, நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியைப் பெயர்த்தது. கழற்ற எளிதான கொக்கியாகப் போடுங்கள், ஆணி அடித்து முறுக்கிவிடாதீர்கள்.

மார்கழி வருகிறது. நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 53 பாகைக்கு இறங்கிவிடும், தெற்கு ஜன்னலில் சன்ஷேடைத் தாண்டி உள்ளே வரும். சென்னையில் இந்த மாதத்தில் அது யாருக்கும் கெடுதல் இல்லை. மெத்தையைக் காயப்போடுங்கள். தட்டியைப் பிப்ரவரி கடைசியில் மாட்டினால் போதும். அதற்குள் ஒரு வெயில் நாளில் தூசி தட்டி எண்ணெய் தடவிவிடுங்கள்.

டிசம்பர் 3

சமையலறை ஜன்னலைக் கேட்டவர்: அடுப்புக்கு மேலே துணி எதுவும் வேண்டாம், பிசுக்கு ஏறும், தீயும் பிடிக்கும். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பால்நிற ஃபிலிம் ஒட்டிவிட்டு மேல்பாதியைத் திறந்து விடுங்கள். மேற்கே பார்த்த சமையலறை என்றால் வெளியே அதே தட்டி, ஒரு முழம் குட்டையாக.